அவிழ்ப்பதற்கென்றே கட்டிய பார்சல்

நான் இருந்த மேசையில் இப்போது நிரோஷினி என்றொரு பிள்ளை இருக்கிறாள். கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் நீளம். வேலையை விட்டு நின்ற பிறகும் மட்டக்களப்புப் பட்டணத்துக்குப் போனால் அந்தக் கம்ப்யூட்டர் கடையை எட்டிப் பார்க்காமல் எனக்கு வர முடியாது. போனமுறை போனபோது அவள் ஒரு மதர்போர்ட்டைக் கொழும்புக்கு அனுப்பக் கட்டிக்கொண்டிருந்தாள். டேப்பைக் கிர் கிர் என்று இழுத்துப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி ஒட்டினாள். பிறகு மேல்தட்டில் கிடந்த என் பழைய பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டி, "அக்கா, நீங்க என்னத்துக்கு ஒரு பெட்டிக்கும் டேப் ஒட்டாம சணல் கயித்தால கட்டினீங்க? டேப் வாங்க முதலாளி காசு தரல்லையா?" என்று கேட்டாள்.

கேட்கிறாள் பார் கேள்வி என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் சிரித்தது சரியில்லை என்று பட்டது. யுத்தகாலத்துச் சோதனைச் சாவடிகள் எல்லாம் எடுபட்ட பிறகு பள்ளிக்கூடம் போன பிள்ளை அவள். ஒரு பார்சலை இங்கே ஒட்டினால் கொழும்பில் அதற்குரியவர் பிரிக்கும்வரை நடுவில் ஒருவரும் கை வைக்கமாட்டார் என்று நம்புகிறாள். நம்பட்டும், நல்லதுதானே. எங்களுக்கு அந்த நம்பிக்கை இருக்கவில்லை. வழியில் அவிழ்ப்பார்கள் என்று தெரிந்துதான் கட்டினோம். அதை அவளுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினால் பாக்கியம் அக்காவின் கதையில் போய் நிற்கிறது. சரி, இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

என் ஊர் செட்டிபாளையம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. எங்கள் வீடு வாவிப் பக்கம். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் எந்தச் சொந்தமும் இருக்கவில்லை. சங்கக் கடையில் முட்டையை உமி போட்டுப் பெட்டியில் அடுக்கும் வேலை பார்த்தவள் நான். சங்கத்துக்கு வந்த முதல் கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுக்க வந்த றபீக் காக்கா, நான் முட்டை அடுக்குவதை நின்று பார்த்துவிட்டு, பட்டணத்தில் தன் கடைக்கு வேலைக்கு வரச்சொன்னார். அவர் காத்தான்குடிக்காரர். அவர்கள் வழக்கத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நானும் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டேன். கம்ப்யூட்டரின் சின்ன வருத்தங்களை அவரே பார்ப்பார். பெரிய வருத்தமென்றால் சாமானைக் கழற்றிக் கொழும்புக்கு பஸ்ஸில் அனுப்புவார். அந்தச் சாமான் உடையாமல், நனையாமல், கெடாமல் போய்ச் சேரக் கட்டுவது என் வேலை.

முதல் நாளே நான் ஒரு பை உமியோடு போய் இறங்கினேன். காக்கா பையைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். முட்டைக்குள் தூசி போகாது, இதற்குள் போகும் என்று மட்டும் சொன்னார். அன்று பின்னேரம் அந்த உமி பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் போய்விட்டது. பயிற்சி என்று சொன்னால் இதுதான் பயிற்சி. ஒன்றைச் செய்வேன், அவர் பார்ப்பார், அது வேறு எங்காவது போய்ச் சேரும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் பக்கத்துக் காற்றில் ஈரமே இராது. அப்போது நைலோன் சேலை கட்டிக்கொண்டு நாலடி நடந்தாலே உடம்பில் மின்சாரம் ஏறிவிடும். நமக்கு அது விரல் நுனியில் சுள்ளென்று ஒரு கடி. மதர்போர்ட்டுக்கு அந்தக் கடியே உயிர்போகப் போதும். ஆகவே மேசையில் இருக்கும்போது பருத்திச் சேலைதான். சாமானைத் தொடுமுன் யன்னல் கம்பியைத் தொட வேண்டும். கம்பியிலிருந்து ஒரு செம்புக் கம்பியைக் காக்கா வெளியே மண்ணுக்குள் இறக்கியிருந்தார். நான் அடிக்கடி யன்னலைத் தொட்டுத் தொட்டு வேலை செய்வதைக் கண்ட ஒருவர், எந்தக் கோயிலுக்குத் தங்கச்சி நேர்த்தி என்று கேட்டார். மாமாங்கப் பிள்ளையாருக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தொட்ட சாமானை வெள்ளி நிறப் பைக்குள் போட்டு வாயை மடித்து, அதன் வடிவத்துக்கே குழி வெட்டிய ஸ்பொஞ்சுக்குள் இறக்குவேன். பெட்டியின் ஒரு மூலையில் வறுத்த அரிசி ஒரு பிடி, துணியில் முடிந்து வைப்பேன். வழியில் ஏறும் ஈரத்தை அரிசி குடித்துவிடும். ஈரம்தான் எங்கள் தொழிலுக்குச் சத்துரு என்று படித்தேன். பின்னால் அந்தப் படிப்பையே தலைகீழாகப் போட வேண்டி வரும் என்று யார் கண்டது.

காக்கா கத்தமாட்டார். பாராட்டவும் மாட்டார். கட்டி முடித்த பெட்டியைத் தூக்கிக் காதோடு வைத்துக் குலுக்குவார். உள்ளே எறும்பு நடந்த சத்தம் கேட்டாலும் பெட்டியைத் திரும்ப என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன பிழை என்று சொல்லமாட்டார், நானே தேட வேண்டும். சத்தம் இல்லையென்றால் "போகும்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை ஸ்பொஞ்சைத் திரும்ப வெட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். எரிச்சலும் வரும். சில நாள் பெட்டியை அவர் தலையிலேயே போடலாம் போலிருக்கும்.

இனி டேப்பின் கதை. தொடக்கத்தில் காக்காவும் டேப் போட்டுத்தான் ஒட்டினார். ஒரு நாள் அவரே, ஒரு அரசாங்கக் கந்தோரின் மதர்போர்ட்டை மிகக் கவனமாகக் கட்டி, தண்ணீர் புகாதபடி டேப்பைச் சுற்றி அனுப்பினார். சாவடியில் அதைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். பஸ்காரருக்குத் திறக்க வழி தெரியவில்லை. ஆமிக்காரர் கத்தியால் ஒரே கீறாகக் கீறியிருக்கிறார். பெட்டியும் திறந்தது, வெள்ளிப் பையும் திறந்தது, போர்ட்டின் நடுவால் ஒரு கோடும் விழுந்தது. சாமான் திரும்பி வந்தபோது நான் அந்த ஆமிக்காரரைத் திட்டித் தீர்த்தேன். காக்கா அந்தக் கீறலை விரலால் தடவிக்கொண்டு நின்றார். "அவனைத் தேடாத புள்ள. அவன்ட கை எப்படித் திறக்கும் எண்டு பாத்துக் கட்டு" என்றார்.

அன்றைக்குப் பிறகு எங்கள் கடையில் பெட்டிக்கு டேப் இல்லை. சணல் கயிறு, ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் கழன்று வரும் முடிச்சு, சப்பாத்துக் கயிற்றுக்குப் போடுவதைப் போல. மூடியைத் தூக்கினால் சாமான் தெரிய வேண்டும். ஸ்பொஞ்சுக் குழியை ஒரு பக்கம் ஒடுக்கி வெட்டினேன், எடுத்தவர் திரும்ப வைக்கும்போது ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும். பைக்கும் மேல் ஸ்பொஞ்சுக்கும் எது முதல், எது பிறகு என்று மூடியின் உள்பக்கம் படம் கீறினேன். எழுத வாசிக்கத் தெரியாத கைக்கும், எங்கள் பாஷை தெரியாத கைக்கும் விளங்க வேண்டும். மேலே சிங்களத்தில் ஒரு வரி எழுதச் சொன்னார் காக்கா. திறக்கவேண்டாம் என்று எழுதலாமா என்று கேட்டேன். அப்படி எழுதினால் அதைத்தான் முதலில் திறப்பார்கள் என்றார். மெதுவாகத் திறக்கவும் என்று எழுதினோம். கீறல் விழுந்து ஒரு போர்ட்டும் பிறகு வரவில்லை.

இன்னொரு வழக்கமும் அவரிடம் இருந்தது. சாமானைக் கொண்டுவருபவர் என்ன செய்து அதைக் கெடுத்தார் என்று எங்களுக்கு அநேகமாகத் தெரியும். தேத்தண்ணி ஊற்றியிருப்பார்கள், எறும்பு மருந்து அடித்திருப்பார்கள். காக்கா ஒரு நாளும் அதை ஆளின் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லி என்ன, சாமான் எழும்பி நடக்கப்போகிறதா என்பார். வியாபார புத்தி என்றுதான் அப்போது நினைத்தேன்.

கடல் வந்த நாள் ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருந்தது. வாவிப் பக்கம் இருந்ததால் நாங்கள் தப்பினோம். கடல் பக்கத்து ஒழுங்கைகளில் என்னோடு படித்தவர்கள் பலர் இல்லாமல் போனார்கள். அதை எழுத எனக்குக் கை வராது, விட்டுவிடுகிறேன். கடையைத் திரும்பத் திறந்தபோது வாசலில் கம்ப்யூட்டர்கள் வரிசையாக வந்து நின்றன, எல்லாவற்றிலும் மண். திருந்தாது என்று கொண்டுவந்தவர்களுக்கும் தெரியும். எறிய மனமில்லாமல் தூக்கி வந்தார்கள்.

அந்த நாள்களில்தான் பெரியகல்லாற்றிலிருந்து பாக்கியம் அக்கா வந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். புருஷன் முன்னமே இல்லை. கையில் ஒரு துவாய்ப் பொட்டலம். அதை என் மேசையில் வைத்து, தூங்கும் குழந்தையின் போர்வையை விலக்குவதுபோல விலக்கினார். உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க், கம்ப்யூட்டரில் போட்டு வைப்பதெல்லாம் தங்கும் அந்தச் சின்ன இரும்புப் பெட்டி.

மகள் மேனகாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. மகன் அன்று விடியவே வாவிக்கு வலை வீசப் போயிருந்ததால் மிஞ்சினான். வீடு அத்திவாரத்தோடு போய்விட்டது, போட்டோ அல்பங்களும் போய்விட்டன, பள்ளிக்கூடத்தில் இருந்த படங்களும் போய்விட்டன. ஆனால் சில வாரங்களுக்கு முன் மேனகா அடையாள அட்டைக்காக ஊர் ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்திருந்தாள். ஸ்டூடியோக்காரத் தம்பி கால் முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போகுமுன், உடைந்த கம்ப்யூட்டரைக் கழற்றி இந்த டிஸ்க்கை எடுத்து, படம் இதற்குள்தான் இருக்கிறது என்று இவர் கையில் கொடுத்திருக்கிறான்.

"உப்புத் தண்ணிதானே மனே, அதால முகாமுக்குக் கொண்டுபோய்க் கிணத்துத் தண்ணியால நல்லாக் கழுவினன். மறுகா வெயில்ல வெச்சு, காய வெச்சுத்தான் கொண்டாந்திருக்கன்" என்றார். மனே என்றால் மகனே, எங்கள் பக்கம் பெண்பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுல ஒரு முகம் இல்ல. நாள் போகப் போக அவட முகம் எனக்கே அழிஞ்சு போயிருமோ எண்டு பயமாயிருக்கு" என்றார்.

அழுகை வந்தது, அழுதேன். காக்கா வந்து டிஸ்க்கைத் தூக்கிக் காதோடு வைத்துச் சரித்தார். வெளியே காய்ந்திருந்தது. ஆனால் அதன் முதுகில் ஊசித்துவாரம்போல ஒரு ஓட்டை இருக்கும், அதில் ஒரு துளி தண்ணீர் எட்டிப் பார்த்தது. உள்ளே இன்னும் ஈரம். அவர் டிஸ்க்கைக் கீழே வைக்காமலே கொழும்புக்கு போன் எடுத்தார்.

இப்படிப்பட்ட டிஸ்க்கிலிருந்து உள்ளதை எடுக்கத் தெரிந்த எஞ்சினியர் ஒருவர் கொழும்பில் இருந்தார். அவர் போனில் சொன்னது இதுதான். கடல் தண்ணீர் காய்ந்தால் உப்பு உள்ளே சுழலும் தட்டில் இறுகி அரித்துவிடும். காய்ந்த இடம் போனது போனதுதான், ஈரமாக இருக்கும் இடத்தைக் காப்பாற்றலாம். ஆகவே இனி ஒரு சொட்டும் காயவிடாமல் ஈரமாகவே அனுப்ப வேண்டும்.

கடல் தண்ணீர் காய்ந்தால் உப்பு மிஞ்சும் என்று எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் எது நனைந்தாலும் நாங்கள் வெயிலில்தான் வைப்போம். நெல்லானாலும் மீனானாலும் மெத்தையானாலும் புத்தகமானாலும் வெயில்தான் மருந்து. பாக்கியம் அக்காவின் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். காக்கா போனை வைத்துவிட்டு அவரிடம், சாமானை நாங்கள் கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கிறோம், நீங்கள் போய் வாருங்கள் அக்கா என்றார். வெயிலைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

அவர் போன பிறகு காக்கா என்னைப் பார்த்து, நனைத்துக் கட்டு என்றார். நான் சண்டை பிடித்தேன். இவ்வளவு காலம் அரிசி வறுத்து முடிந்து வைத்தவளிடம் நனைத்துக் கட்டு என்றால் எப்படியிருக்கும்? அவர் பக்கத்து வாகனக் கடையில் ஒரு போத்தல் பற்றரித் தண்ணீர் வாங்கி வந்தார். காய்ச்சி வடித்த தண்ணீர், உப்புமில்லை ஊத்தையுமில்லை. ஸ்பொஞ்சை அதில் தோய்த்து டிஸ்க்கைச் சுற்றிப் போர்த்தினேன். கண்ணாடிபோலத் தெரியும் தடித்த பொலித்தீன் பைக்குள் போட்டு, இன்னும் கொஞ்சத் தண்ணீர் விட்டு, பையின் வாயை இரும்பறுக்கும் வாள் அலகு ஒன்றோடு மடித்து மெழுகுதிரிச் சுடரில் காட்டி ஒட்டினேன். அதன் மேல் காய்ந்த ஸ்பொஞ்ச், அதன் மேல் பெட்டி, அதன் மேல் கயிறு. காக்கா காதில் வைத்தார். ஈரச் சாமானில் சத்தம் வராமல் எப்படி இருக்கும்? வரவில்லை. "போகும்" என்றார்.

போகும்தான், ஆனால் சாவடியில் என்ன சொல்வது? தண்ணீர்ப் பைக்குள் ஒரு இரும்புப் பெட்டி. பஸ்காரரிடம் கொடுத்தனுப்ப ஏலாது, நீ கொண்டு போ என்றார். நீங்களே போனால் என்ன என்று கேட்டேன். ஆம்பிளை இப்படியொன்றைக் கொண்டுபோனால் கேள்வி கேட்காமல் இறக்கி வைத்துவிடுவார்கள், பொம்பிளையென்றால் கேட்டுவிட்டு இறக்குவார்கள் என்றார். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாக்கியம் அக்கா துவாயை விலக்கின விதம் கண்ணுக்குள் நின்றபடியால்தான் ஏறினேன். மிச்சப் பற்றரித் தண்ணீரும் வெறும் பை ஒன்றும் கையோடு கொண்டு போனேன்.

சாவடியில் எல்லாரும் இறங்கி, மூட்டைகளை மேசையில் வைத்தோம். இளம் ஆமிக்காரன் ஒருவன் கயிற்று முனையை இழுத்தான். முடிச்சு கழன்றது. மெதுவாகத் திறக்கவும் என்றதை வாசித்தானோ என்னவோ, மெதுவாகத்தான் திறந்தான். பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்ததும் அப்படியே வைத்துவிட்டுப் பின்னால் போனான். மற்றவர்களைத் தள்ளிப் போகச் சொன்னார்கள். மேசையடியில் நானும் அந்தப் பெட்டியும் மட்டும். அவர்களுக்கு மேலதிகாரியான பெரியவர் ஒருவர் வந்தார். பஸ் கொண்டக்டர் தூர நின்று, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் என் பேச்சைச் சொன்னார். பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். கத்தரிக்கோலா கையில் இருக்கிறது, பல்லால் கடித்துத் திறந்தேன். பெரியவர் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டிப் போய்விட்டார்.

உயிர் வந்தது என்று மூச்சு விடுகிறேன், அந்த இளம் பொடியன் டிஸ்க்கைக் கையில் எடுத்தான். ஐயோ நனைந்து போச்சே என்கிற முகம். காற்சட்டைப் பைக்குள்ளிருந்து தன் லேஞ்சித் துணியை எடுத்து அதைத் துடைக்கத் தொடங்கினான். பாவம் பார்த்துத்தான் துடைக்கிறான், பிள்ளையின் தலை துவட்டுவதுபோல. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "எப்பா" என்றேன்.

எப்பா என்றால் சிங்களத்தில் வேண்டாம். சாவடியில் அந்தச் சொல்லை அவர்கள் எங்களுக்குச் சொல்வார்கள். நாங்கள் அவர்களுக்குச் சொன்னதாக நான் அறியவில்லை, அதுவும் கையைப் பிடித்துக்கொண்டு. கொண்டக்டருக்கு முகத்தில் இரத்தம் இல்லை. பொடியன் என் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் கையை எடுத்துவிட்டு, சுனாமி என்றேன், போட்டோ என்றேன். இரண்டும் எல்லாப் பாஷைக்கும் பொதுச் சொல். கவுத என்று கேட்டான், யார் என்று. துவ என்றேன், மகள் என்று. என் மகள் என்று நினைத்திருப்பான். நான் திருத்தவில்லை.

அவன் லேஞ்சியைப் பைக்குள் வைத்தான். நான் புதுப் பையை எடுத்து டிஸ்க்கை ஸ்பொஞ்சோடு இறக்க, அவன் பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான். பற்றரித் தண்ணீரை ஊற்றினேன். ஒட்டுவதற்கு அவனே லைட்டரைத் தட்டினான். மூடியில் நான் கீறியிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக அடுக்கி, கடைசியில் கயிற்றையும் கட்டினான். ஒரு முனை நீட்டிக்கொண்டு, இழுத்தால் கழலும்படி. பிழை பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

கொழும்பிலிருந்து பதில் வர நாளாயிற்று. அதற்கிடையில் முப்பத்தோராம் நாள் காரியம் வந்து போனது. படம் வைக்க வேண்டிய இடத்தில் வெறும் விளக்கை வைத்துச் செய்தார் பாக்கியம் அக்கா. அதற்குப் பிறகும் சந்தை நாளில் வந்து கடை வாசலில் நிற்பார், ஒன்றும் கேட்கமாட்டார். இன்னும் வரல்ல அக்கா என்று நான் சொல்ல, வரும் மனே என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்.

எடுத்த படங்கள் ஒரு சீடீயில் வந்தன. எஞ்சினியர் காக்காவிடம் போனில் விவரம் சொன்னார். கிணற்றுத் தண்ணீரில் கழுவியது நல்லதாம். வெயிலில் வைத்ததுதான் கெடுத்ததாம். காயாமல் வந்திருந்தால் அநேகமாக எல்லாவற்றையும் எடுத்திருக்கலாமாம். காக்கா போனை வைத்துவிட்டு அதை எனக்குச் சொன்னார். இது இந்த மேசையோடு நிற்கட்டும் என்றும் சொன்னார்.

பாக்கியம் அக்கா வந்தபோது காக்கா கதவின் ஒரு பக்கத்தைச் சாத்தி, கதிரை போட்டு இருக்கச் சொன்னார். மேனகாவின் படத்தைத் திறந்தார். நெற்றி இருந்தது, சின்னப் பொட்டு இருந்தது, இரண்டு கண்ணும் இருந்தன. மூக்கு நுனிக்குக் கீழே படம் முழுவதும் சாம்பல் நிறம். உப்புத் தின்ற இடம்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாக்கியம் அக்கா கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார். பிறகு, "சிரிப்ப அடக்கிக்கொண்டு இருக்கிறாள்" என்றார். அடையாள அட்டைப் படத்துக்குச் சிரிக்கக்கூடாது என்று ஸ்டூடியோத் தம்பி பேசப் பேச இவளுக்குச் சிரிப்பு வந்ததாம். இவர்தான் பக்கத்தில் நின்றாராம். கண்ணைப் பாருங்கள் என்று எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பார்த்தோம். உண்மைதான், அந்தக் கண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தன. கீழ்ப் பாதியை ஒரு ஓவியரைக் கொண்டு கீறித் தரலாம் என்று காக்கா சொல்லிப் பார்த்தார். "வேணாம் தம்பி, வாய் எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

அதற்குப் பின் யுத்தம் திரும்ப மூண்டது. வாவிக்கு அந்தப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து இந்தப் பக்கம் வந்தது. வீதியில் சாவடிகள் கூடின, ஒரே பெட்டியைப் பல இடத்தில் அவிழ்த்தார்கள். மதர்போர்ட்டில் இருக்கும் காசளவு பற்றரியைக் கூடக் கழற்றித் தனியே காட்ட வேண்டியிருந்தது. எங்கள் கயிற்றுப் பெட்டி அவர்களுக்குப் பழகிவிட்டது. சில வேளை திரும்பி வரும் பெட்டியில் முடிச்சு என்னுடையதைவிட வடிவாக இருக்கும். பிறகு யுத்தம் முடிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாவடிகள் எடுபட்டன. ஒரு நாள் நான் போட்ட முடிச்சு போட்டபடியே கொழும்பில் போய் இறங்கியதாகச் சொன்னார்கள். யாரும் தொடவில்லை. எனக்கு அதை நம்பவே சில மாதம் பிடித்தது.

அந்தக் காலத்தில் பாக்கியம் அக்கா திரும்பக் கடைக்கு வந்தார். மகன் கட்டாருக்கு வேலைக்குப் போகிறான், தங்கச்சியின் படம் ஒன்றைத் தன்னோடு கொண்டுபோகக் கேட்கிறான் என்றார். இனி எழுதப்போவதை அவர் இருந்தவரை நான் வெளியில் சொன்னதில்லை. போன மழைக்காலத்தில் அவர் கண்ணை மூடினார். மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். எழுதுங்க அக்கா என்றான்.

படத்தைப் பிரதி எடுத்துக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியல்லவா, அதையும் கட்ட வேண்டும். நான் ஸ்பொஞ்ச் வெட்டிக்கொண்டிருக்க, அவர் மேசைக்கு முன்னால் இருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். காக்கா உள்ளே திருப்புளியால் ஆணி முறுக்கி ஏதோ திருத்திக்கொண்டிருந்தார்.

"ஒண்டு கேக்கிறன் மனே" என்றார். "நான் அண்டைக்கு அத வெயில்ல வெச்சது நல்லதுதானே? அதாலதானே இவ்வளவெண்டாலும் வந்தது?"

என் கத்தி நின்றுவிட்டது. காக்காவின் திருப்புளிச் சத்தமும் உள்ளே நின்றது. இத்தனை வருஷம் இந்தக் கேள்வியை இவர் மடியில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள், அல்லது தானே யோசித்திருப்பார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்க்காமல் சொல்லியிருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும்.

"ஓம் அக்கா. நீங்க கழுவிக் காய வெச்சபடியாத்தான் கண்ணெண்டாலும் வந்தது."

அவர் தலையாட்டினார். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அண்டைக்கு நல்ல வெயில்" என்றார். "காகம் கொத்திப் போடும் எண்டு நான் பக்கத்திலேயே இருந்தன். பின்னேரம் வரைக்கும் ஒழும்பல்ல."

உள்ளே திருப்புளிச் சத்தம் திரும்பத் தொடங்கியது. நான் சட்டத்தை ஸ்பொஞ்சுக்குள் வைத்துப் பெட்டியை மூடினேன். சாவடி இல்லாத காலம், டேப் ஒட்டியிருக்கலாம். ஆனால் கயிற்றைத்தான் எடுத்தேன், அந்த முடிச்சைத்தான் போட்டேன். நிரோஷினி மேல்தட்டில் கண்ட பெட்டிகளும் இதே கட்டுத்தான்.

அவர் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீதியைக் கடந்து பஸ் தரிப்பிடத்தில் போய் இருந்தார். நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். பஸ் வருமுன் கயிற்று முனையை இழுத்தார். மூடியைத் தூக்கி மகளைப் பார்த்தார். பிறகு மூடி, திரும்பக் கட்டினார். முடிச்சைச் சரியாகத்தான் போட்டார்.